மாற்றிக் கட்டிய இரண்டு சீட்டுகள்

என் குற்றத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன். லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தின் கிடங்கில் வேலை பார்த்தபோது, பழைய எகிப்தின் இரண்டு கோடரித் தலைகளுக்கு உரிய அடையாளச் சீட்டுகளை மாற்றிக் கட்டினேன். விசாரணை வந்தபோது, அவை என் கைக்கு வருவதற்கு முன்பே மாறியிருக்கலாம் என்று மேலாளர் நினைத்துக்கொள்ளும்படி பேசினேன். அதனால் யோகன் என்பவருக்கு வேலை போயிற்று. அவர் அந்தத் தவறைச் செய்யவில்லை. நான் செய்துகொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று, பிழை என்று சொன்னவரே அவர்தான்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, அருங்காட்சியக வேலைக்கு வர விரும்பும் பிள்ளைகளுக்குப் பயன்படும்படி என் பணி அனுபவங்களை எழுதித் தரச் சொன்னார்கள். சுவையான சம்பவங்கள் எனக்கும் உண்டு. பூனை மம்மி என்று பதிவான பெட்டியைத் திறந்தால் உள்ளே துணிச்சுருள் மட்டுமே இருந்த கதையை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் பேனா யோகனிடமே போயிற்று. இதில் பல இடங்கள் எனக்கே இன்னும் குழப்பம். குழப்பமான இடத்தைச் சரிசெய்யாமல் அப்படியே விடுகிறேன்.

1. சீட்டும் சிவப்பு ஸ்லிப்பும்

நான் மலேசியா, ஈப்போவில் பிறந்தவன். படிக்க லண்டன் வந்து, வரலாற்றில் பட்டம் வாங்கி, ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கியவர்களில் ஒருவன். என் பதவியின் பெயர் டாக்குமென்டேஷன் ஆபீசர். பொருளையும் அதன் பதிவையும் ஒன்றாக வைத்திருப்பதுதான் வேலை. கேட்கச் சின்ன வேலையாகத் தோன்றும். ஆனால் சீட்டு இல்லாத வெண்கலத் துண்டு வெறும் பழைய வெண்கலம். சீட்டு இருந்தால் அது இன்ன இடுகாட்டில், இன்ன எண்ணுள்ள குழியில், இன்ன பானைக்குப் பக்கத்தில், ஒரு மனிதனின் வலது தோளருகே கிடந்தது என்று ஆகிவிடுகிறது. அதை எடுத்துவிட்டால் அகழ்ந்தெடுத்தவர்கள் வியர்வை சிந்தியதெல்லாம் வீண்.

இரண்டாயிரத்துகளின் நடுவில், கிடங்கை வேறிடத்துக்கு மாற்றினோம். பழைய மர இழுப்பறைகளிலிருந்து பொருள்களை எடுத்துப் புதிய தட்டுகளில் வைத்து, பட்டியலில் டிக் போட்டு, பெட்டியில் அடைக்க வேண்டும். இதற்கு ஒரு விதித்தாள் இருந்தது. சீட்டு கழன்றிருந்தாலோ நூல் அறுந்தாலோ கையை எடுத்துவிட வேண்டும். இருந்தபடியே படம் பிடிக்க வேண்டும். சிவப்பு ஸ்லிப் எழுதி வைக்க வேண்டும். பழைய பதிவு அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கும்வரை அந்தச் சீட்டை எந்தப் பொருளோடும் சேர்க்கக் கூடாது. 

அந்த விதித்தாளை எழுதியவன் நான்.

2. யோகன்

யோகன், தற்காலிக ஆள்களை அனுப்பும் ஏஜென்சி மூலம் வந்தவர். நாற்பது வயதைத் தாண்டியவர். யாழ்ப்பாணத்திலிருந்து முதலில் ஜெர்மனிக்குப் போய், அங்கே உலோகம் சாணை பிடிக்கும் பட்டறையில் பல வருஷம் வேலை செய்துவிட்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தார். ஈஸ்ட் ஹாமில் ஒரு சேலைக் கடைக்கு மேலே குடியிருந்தார். எங்கள் கிடங்கில் இழுப்பறைகளை அலமாரியிலிருந்து இறக்கி, தள்ளுவண்டியில் வைத்து, என் மேசைக்குக் கொண்டுவருவது அவர் வேலை.

தமிழர் என்று தெரிந்த முதல் நாளே என்னை அண்ணை என்று கூப்பிட ஆரம்பித்தார். என் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்.

“அண்ணை, நீங்கள் ‘பசியாறியாச்சா’ எண்டு கேக்கேக்க நான் ஏதோ கோயில் காரியம் எண்டு நினைச்சன்.”

“எங்க ஊருல காலைச் சாப்பாட்ட அப்படித்தான் சொல்வாங்க.”

“நல்ல சொல்லுத்தான். ஆனா எனக்கு இன்னும் ஆறேல்லை. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்.”

பொருள்களைக் கையாள்வதில் அவருக்கு ஈடாக அங்கே யாருமில்லை. உலோகத்தைக் கையுறையோடு தூக்கும்போதே, “இது உள்ளுக்குப் பூந்திட்டுது, மெல்லமாப் பிடியுங்கோ” என்பார். பாதுகாப்புப் பிரிவுக்காரர்கள் பிறகு சோதித்துப் பார்த்தால் உள்ளே அரித்திருக்கும்.

கிடங்கில் ஒரு நிரந்தர வேலை காலியானது. யோகன் விண்ணப்பித்தார். நேர்முகத் தேர்வு அடுத்த மாதம் என்று கடிதம் வந்தபோது, எனக்குத்தான் முதலில் காட்டினார்.

“இது சரிவந்தா, அண்ணை, ஞாயிறு பின்னேரம் நான் போனைப் பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. ஏஜென்சிக்காரன் அடிச்சாத்தான் எனக்குத் திங்கக்கிழமை எண்டு ஒண்டு இருக்குது. அவன் அடிக்காட்டி, மனிசி என்ர முகத்தைப் பாக்கிறா, நான் சுவரைப் பாக்கிறன்.”

“கிடைக்கும். நான் ஹெலன்கிட்ட நல்லாச் சொல்லியிருக்கேன்” என்றேன். ஹெலன் எங்கள் மேலாளர். சொல்லியிருந்தது உண்மை.

3. அந்த இழுப்பறை

அன்று நாலு மணிக்கு வேன். அதற்குள் ஆறு இழுப்பறைகள் முடிய வேண்டும். ஐந்தாவதில் ஒரே இடுகாட்டிலிருந்து எடுத்த ஆயுதங்கள் இருந்தன. கல் அம்பு முனைகள், ஒரு கத்தி, பஞ்சின் மேல் பக்கம் பக்கமாக இரண்டு கோடரித் தலைகள்.

ஒன்று அகலமானது, மெல்லியது, விளிம்பு பிறை போல வளைந்தது. பின்பக்கம் தோல் வாரால் பிடியோடு கட்டுவதற்குத் துளைகள். மற்றது நீளமாக, குறுகலாக, தடிப்பாக இருந்தது. பின்பக்கம் இரண்டு காதுகள் போல நீட்டிக்கொண்டிருந்தன. எந்தக் காலத்திலோ யாரோ சுத்தம் செய்தபோது, உலோகத்தின் மேல் மையால் எழுதிய எண்கள் அழிந்துபோயிருந்தன. மிச்சமிருந்த அடையாளம் நூலில் கட்டிய சீட்டுகள் மட்டும்தான்.

நான் இரண்டு கைகளாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்கினேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தூக்கலாம் என்றும் என் விதித்தாளில் இருந்தது. நூல்கள் உளுத்துப்போயிருந்தன. இரண்டு சீட்டுகளும் கழன்று பஞ்சில் விழுந்தன. ஒன்றில் மூலை கிழிந்திருந்தது. எது எதிலிருந்து விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்த்தேனோ, பார்த்து மறந்தேனோ, அது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பதிவு அட்டைகள் ஸ்கேன் செய்வதற்காக வெளியே போயிருந்தன. என்னிடம் இருந்தது சீட்டில் உள்ள குழி எண் மட்டும். இடுகாட்டின் குழிகள் எனக்கு மனப்பாடம். மூலை கிழிந்த சீட்டு முந்தைய குழி. மற்றது அதற்கு இரண்டு மூன்று தலைமுறை பிந்தையது.

சிவப்பு ஸ்லிப் கட்டு மேசையின் மூலையில் இருந்தது. அதை எடுத்தால் படம் பிடிக்க வேண்டும், ஹெலனைக் கூப்பிட வேண்டும், வேன் போய்விடும். விதியை எழுதியவனே விதியை மீறி இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்கினான் என்று தாளில் ஏறும். எது என்னை அதிகம் தடுத்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் மேலாக இன்னொன்றும் இருந்தது. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

புது நூல் எடுத்து, கிழிந்த சீட்டை அகலமான கோடரியில் கட்டத் தொடங்கினேன்.

பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற யோகன் சொன்னார்: “அண்ணை, கிழிஞ்சது பாரமானதிலயெல்லோ கிடந்தது.”

“எது?”

“தடிச்சது. நான் அலமாரியால இறக்கேக்க பாத்தனான். இடப்பக்கம் சரிஞ்சது, என்னண்டு பாத்தா அது கிடக்குது, கிழிஞ்ச துண்டும் அதில தொங்குது.”

“இருக்க முடியாது, யோகன்.”

“ஏன்?”

அப்போது நான் ஒரு சொற்பொழிவு செய்தேன். அந்தச் சொற்பொழிவை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

“இங்க பாருங்க. எகிப்துல முதல்ல கல்லுத் தலை வெச்ச தண்டாயுதம். தட்டையா இருந்துச்சு, அப்புறம் பேரிக்காய் மாதிரி ஆச்சு. அடுத்தது செம்புக் கோடரி, இந்த மாதிரி அகலமா. கவசம் இல்லாதவன் உடம்ப வெட்டறதுக்கு அது போதும். அப்புறம் வடகிழக்கேர்ந்து ஆளுங்க வந்து நாட்டப் புடிச்சாங்க. தேரு வந்துச்சு, மரத்தையும் கொம்பையும் ஒட்டிச் செஞ்ச வில்லு வந்துச்சு. கவசமும் வந்துச்சு. அகலக் கோடரி அதுல எறங்காது. அதனால குறுகலா, தடிப்பா, குத்திப் பொளக்கற மாதிரி செஞ்சாங்க. கடைசியா வளைஞ்ச வாள். ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணு. முந்தின குழிக்கு முந்தின வடிவம். புரியுதா?”

அவர் கொஞ்சம் யோசித்தார்.

“அப்ப பழசை வைச்சிருக்கிறவன் எல்லாம் முந்திச் செத்தவனோ?”

“என்ன?”

“நான் கையில கட்டியிருக்கிறது எங்கட அப்பான்ர மணிக்கூடு. நாளைக்கு நான் செத்துப்போனா, என்னைக் கொண்டுபோய் அப்பான்ர காலத்தில போட்டிடுவியளோ?”

நான் சிரித்தேன். “மணிக்கூடு வேற. இது ஆயுதம். சண்டைக்குப் போறவன் பழசக் கொண்டுபோவானா?”

“குடுக்கிறதைத்தானே கொண்டுபோகலாம், அண்ணை. சண்டைக்குப் போற எல்லாருக்கும் நல்லது கிடைக்கிறேல்லை.”

அதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தபடி சொன்னார். அவர் எங்கிருந்து வந்தவர் என்பது எனக்குத் தெரியும். சண்டை என்றால் என்னவென்று எங்கள் இருவரில் யாருக்குத் தெரியும் என்பதும் தெரியும். ஆனாலும் எனக்குப் பட்டம் இருந்தது. முடிச்சைப் போட்டேன்.

“சரி, நீங்கள் படிச்சனீங்கள்” என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பெட்டிக்குள் வைத்தார்.

சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. கொண்டுவந்தவர் என்ற இடத்தில் அவருடையது. வேன் நாலு மணிக்குப் போனது.

4. எடை

மூன்று வாரம் கழித்து, ஸ்கேன் செய்த அட்டைகள் கணினியில் வந்தன. எகிப்திய ஆயுதங்களைப் பற்றி ஒரு கண்காட்சிக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கோடரிகளை நிறுத்தித் தாங்கும் கம்பி செய்வதற்காக, உலோகப் பாதுகாப்புப் பிரிவில் அவற்றை எடை போட்டார்கள். அட்டையில், அகழ்ந்த காலத்திலேயே யாரோ பென்சிலால் எடை குறித்து வைத்திருந்தார்கள். இரண்டும் இடம் மாறியிருந்தன. முந்தைய குழியின் அட்டையில் இருந்தது கனமான கோடரியின் எடை.

யோகன் சொன்னதே சரி. முன்னால் இறந்தவனிடம் புது வடிவக் கோடரி. இரண்டு தலைமுறை கழித்து இறந்தவனிடம் பழைய கோடரி.

ஹெலன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆங்கிலத்தில் பேசினோம், என் தமிழில் எழுதுகிறேன்.

“சீட்டு மாறினது பெரிசில்ல. மாத்திக் கட்டிடலாம். எப்படி மாறுச்சுங்கறதுதான் எனக்கு வேணும். ஒரு தட்டுல இப்படின்னா மத்ததுல என்னவோ?”

எடை குறித்த தாளை என் பக்கம் நகர்த்தினார்.

“நூல் அறுந்திருந்தா நீங்க சிவப்பு ஸ்லிப் எழுதியிருப்பீங்க.”

கேள்வியாக அவர் அதைச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் என்னைப் பார்த்தவர். நான் தலையை ஆட்டினேனா? ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

“அப்போ உங்க கைக்கு வரும்போது எப்படி இருந்துச்சு?”

“அந்த இழுப்பறை என் மேசைக்கு வர்றதுக்கு முன்னாடி யோகனோட வண்டில இருந்துச்சு” என்றேன்.

அந்த வாக்கியத்தில் பொய்யான சொல் ஒன்றுகூடக் கிடையாது. எல்லா இழுப்பறைகளும் அவர் வண்டியில் வந்தவைதான். அதை முன்கூட்டி யோசித்து வைத்தேனா, வாய்க்கு வந்ததா, தெரியவில்லை. அது எங்கே போய் முடியும் என்று தெரியாமல் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஹெலன் தன் நோட்டில் யோகன் பெயரை எழுதியதைப் பார்த்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

ஏஜென்சி ஆள்களை யாரும் விசாரிப்பதில்லை. ஏஜென்சிக்கு ஒரு போன், அவ்வளவுதான். திங்கட்கிழமை யோகன் வரவில்லை. நேர்முகத் தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அந்தக் கடிதத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

மதியம் எனக்குப் போன் வந்தது.

“அண்ணை, என்னை வரவேண்டாம் எண்டிட்டாங்கள். ஏதோ சீட்டு மாறினதாம், நான்தான் மாத்தினதாம். அண்டைக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும்தானே? ஒருக்கா ஹெலனுக்குச் சொல்லிவிடுங்கோ. அவ்வளவும் காணும்.”

“பேசறேன், யோகன்.”

“இண்டைக்கே கதையுங்கோ, அண்ணை. இன்டர்வியூ கிட்ட வருது.”

“பேசறேன்.”

மறுநாளும் அடித்தார். இன்னும் பேசவில்லை, ஹெலன் கூட்டத்தில் இருக்கிறார் என்றேன். ஹெலன் அடுத்த அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் போன் அடித்தபோது நான் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் அடிக்கவில்லை.

5. நாற்பது தட்டுகள்

யோகன் கைபட்ட நாற்பது தட்டுகளையும் மறுபடி சரிபார்க்கும் வேலையை ஹெலன் என்னிடமே கொடுத்தார். இரண்டு மாதம் பிடித்தது. ஒவ்வொரு சீட்டாக, ஒவ்வொரு எடையாகப் பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை. ‘பிழை இல்லை’ என்று நாற்பது முறை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஹெலன் அறிக்கையைப் புரட்டிவிட்டு, “அப்போ அந்த ஒண்ணுலதான் கவனம் தப்பியிருக்கு, பாவம்” என்றார். அன்றைக்கும் ஒரு வாய்ப்பு இருந்தது.

கண்காட்சி திறந்தபோது, அந்த இரண்டு கோடரிகளும் நடுப் பெட்டியில் இருந்தன. சரியான சீட்டுகளோடு. ஆயுதங்கள் வரிசையாக ஒன்றை ஒன்று தள்ளிவிட்டு வரவில்லை, பழையதும் புதியதும் ஒரே ஊரில், ஒரே காலத்தில் புழங்கின என்று பலகையில் எழுதியிருந்தார்கள். பக்கத்துப் பெட்டியில், வெண்கல வாள் வந்த பிறகும் எகிப்தியர் விடாமல் வைத்திருந்த கல் அம்பு முனைகள். பார்த்தவர்கள் வியந்தார்கள். இது தள்ளுவண்டிக்காரர் ஒருவர் எனக்கு நின்ற நிலையில் சொன்ன விஷயம் என்று யாருக்கும் தெரியாது. நான் அந்தக் கூடத்துக்குள் இரண்டாம் முறை போகவில்லை.

6. கைதட்டல்

ஓய்வு பெற்ற அடுத்த ஆண்டு, அருங்காட்சியகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். நூலை அறுத்தவன் நான், ஸ்லிப் எழுதாதவன் நான், மாற்றிக் கட்டியவன் நான், யோகன் தடுத்தார், நான் கேட்கவில்லை, விசாரணையில் அவர் பக்கம் கை காட்டினேன். அவர் பெயரில் உள்ள குறிப்பை நீக்கி, அவருக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். ஓய்வூதியம் உறுதியாகட்டும் என்றுதான் அவ்வளவு காலம் காத்திருந்தேனோ என்ற சந்தேகம் எனக்கே உண்டு.

ஹெலன் வேறிடம் போயிருந்தார். புதிய மேலாளர் பதில் எழுதினார். என் நேர்மைக்கு நன்றி. கோடரிகளின் கோப்பில் என் கடிதத்தைச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் ஏஜென்சி ஆள்களைப் பற்றிய தாள்கள் அருங்காட்சியகத்தில் இல்லை. அந்த ஏஜென்சியும் இப்போது இல்லை. எனவே திருத்துவதற்கு எதுவும் இல்லை. யோகன் மேல் பிழை இல்லை என்று பொதுவாக ஒரு கடிதம், ‘உரியவருக்கு’ என்று போட்டு, என் முகவரிக்கு அனுப்பியிருந்தார்கள்.

கடைசிப் பத்தியில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இந்த அனுபவத்தை வந்து பேச முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

போனேன். அதுவும் பரிகாரத்தில் சேரும் என்று நினைத்தேன். பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் கைதட்டினார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவு துணிச்சல் என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவருடைய வேலையைப் பறித்ததற்கு எனக்குக் காப்பியும் பிஸ்கட்டும் கொடுத்து, டாக்ஸியில் ஏற்றி அனுப்பினார்கள்.

7. ஈஸ்ட் ஹாம்

ஒரு ஞாயிறு காலை, நான் குடியிருக்கும் கோலியர்ஸ் வுட்டில் ரயில் ஏறி, மாறி, டிஸ்ட்ரிக்ட் லைனில் ஈஸ்ட் ஹாம் போனேன். பையில் அந்தக் கடிதம். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் சேலைக் கடையைக் கண்டுபிடித்தேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“யோகனோ? அவை இப்ப மேல இல்லை. மற்றத் தெருவில கீழ்வீடு. நீங்கள் கவுன்சில் ஆபீசில இருந்தோ?”

“இல்லைங்க, பழைய நண்பர்.”

நண்பர் என்ற சொல் எனக்கே கேட்கக் கூசியது.

யோகன் கதவைத் திறந்தார். முடி நரைத்திருந்தது. ஒரு நிமிஷம் பார்த்தார்.

“அண்ணை.”

வாசலில் நின்றபடியே சொன்னேன். தயாரித்துக்கொண்டு போன வாக்கியங்கள் எல்லாம் குழம்பிவிட்டன. முதலில் கடிதத்தை நீட்டினேன், பிறகு மன்னிப்புக் கேட்டேன், பிறகுதான் என்ன செய்தேன் என்று சொன்னேன். வரிசை தலைகீழாகிவிட்டது.

“தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“நீங்கள்தான் எண்டு. வேற ஆர் அங்க நிண்டது? நானும் நீங்களும்தானே. நான் மாத்தேல்லை எண்டா மிச்சம் ஆர்?” கடிதத்தைப் பிரிக்காமல் கையில் தட்டினார். “மூண்டாந்தரம் நீங்கள் போன் எடுக்கேல்லை. அப்பவே விளங்கினது.”

“யோகன், நான்...”

“இதை எனக்குச் சொல்லி என்ன? உள்ள வாங்கோ. அவவுக்குச் சொல்லுங்கோ.”

சமையலறையில் அவர் மனைவி சுதா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். யோகன் என்னை யாரென்று சொன்னார். சுதா கையைக் கழுவாமல் நின்றார்.

நான் மறுபடி சொன்னேன். இம்முறை வரிசையாகச் சொன்னேன். சீட்டை மாற்றியது நான். உங்கள் கணவர் வேண்டாம் என்றார். அவர் மேல் பழி விழும்படி பேசியதும் நான்.

சுதா என்னைப் பார்க்கவில்லை. யோகனைப் பார்த்தார்.

“அப்ப நீங்கள் சொன்னது உண்மை.”

“ஓம்.”

“எத்தினை தரம் சொன்னனீங்கள்.”

“அதை விடு, சுதா.”

“என்னண்டு விடுறது? ரண்டு வருஷம் வீட்டில இருந்தனீங்கள். ஒரு கோப்பை உடைஞ்சாலும், இப்பிடித்தானே அங்கேயும் செய்துபோட்டு வந்தனீங்கள் எண்டு நான் சொன்னனான். பிள்ளையளுக்கு முன்னால சொன்னனான். உங்கட அக்காவுக்கு போன் அடிச்சும் சொன்னனான்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்கள் தனியவா வந்தனீங்கள்?”

“ஆமா.”

“ரயிலில?”

“ஆமா.”

“எவ்வளவு நேரம்?”

“ஒரு மணி நேரம் இருக்கும்.”

சுதா கையைக் கழுவி, துடைத்து, உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுப்பில் ஏதோ கொதித்தது. யோகன் அதை அணைத்தார்.

என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். இப்போது சொந்தமாக இரும்பு கேட் செய்து பொருத்துவதாகச் சொன்னார். ஆள் வைத்துச் செய்கிற அளவுக்கு வேலை இருக்கிறதாம். எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, நீ இல்லாமலும் பிழைத்தேன் என்று சொன்னாரா, அவர் குரலிலிருந்து பிரித்தறிய முடியவில்லை.

“இனி வராதேங்கோ, அண்ணை” என்றார். “கோவத்தில சொல்லேல்லை. உங்களைக் கண்டா அவவுக்கு அந்த ரண்டு வருஷமும் வந்து நிக்கும். உங்கள்மேல இருக்கிற கோவம் பெரிசில்லை, அது போயிடும். தன்மேலதான் இனிக் கோவப்படப் போறா.”

அதை நான் எதிர்பார்க்கவில்லை. பாரத்தை இறக்கி வைக்கப் போனவன், அதைக் குற்றமே செய்யாத ஒரு பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டு வந்தேனோ என்று ரயில் முழுக்க யோசித்தேன். போகாமல் இருந்திருந்தால் யோகன் கடைசிவரை சுதாவின் கண்ணில் கவனமில்லாத மனிதராகவே இருந்திருப்பார். எது சரி என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

இந்த வேலைக்கு வரப்போகும் பிள்ளைகளுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். சீட்டு கழன்றால், உங்களுக்குத் தெரிந்த வரலாற்றை வைத்து அதைக் கட்டாதீர்கள். பக்கத்தில் நிற்பவர் என்ன பார்த்தார் என்று கேளுங்கள். ஸ்லிப்பை எழுதுங்கள். அன்றே எழுதுங்கள். நான்கு வருஷம் கழித்து எழுதினால், கோடரிக்குப் பயன்படும். மனிதருக்குப் பயன்படுமா என்பது நிச்சயமில்லை.

அதற்குப் பிறகு அவரை ஒருமுறைதான் கண்டேன். அப்டன் பார்க்கில், கிரீன் ஸ்ட்ரீட்டில், மகளோடு மாம்பழப் பெட்டி தூக்கிக்கொண்டு போனார். கூட்டத்தில் என்னைக் கண்டு தலையசைத்தார். நானும் அசைத்தேன். அவர் சொன்னபடி கிட்டப் போகவில்லை.

கடந்து போகையில் மகள் கேட்டது காதில் விழுந்தது. “ஹூ இஸ் தட், அப்பா?”

“முந்தி என்னோட வேலை செய்தவர்” என்றார்.